மூத்த பெட்டையோடு வெடைக்கோழியைச் சேர்த்தல்: அறிகுறி வாரியாகச் சிக்கல் நீக்கும் வழிமுறை

வளர்ந்த பெட்டைக்கோழி ஒன்று தனக்கென்று ஆண்டுவரும் இடத்தில் நான்கு மாதம்கூட நிறையாத, இன்னும் முட்டைக்கு வராத வெடைக்கோழியைக் கொண்டுவந்து விட்டால், கொத்து விழத்தான் செய்யும். நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் 'கொத்து வரிசை' என்று விளக்கியது இதைத்தான்: மேலிருக்கும் கோழி கீழிருக்கும் கோழியைக் கொத்தும், கீழிருப்பது திருப்பிக் கொத்தாது, அந்த ஏற்பாடு ஒருமுறை முடிவாகிவிட்டால், பிறகு பெரும்பாலும் கொத்துக்குப் பதில் ஒரு முறைப்பே போதும். எனவே கொத்தை அடியோடு நிறுத்த முயல்வது வீண். காயமும் பட்டினியும் இல்லாமல் அந்த வரிசை முடிவாகும்படி இடத்தை அமைத்துக் கொடுப்பதே வளர்ப்பவர் செய்யக்கூடியது.

புதிதாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அடிக்கும் கோழியையே கவனித்துக்கொண்டிருப்பார்கள். நானும் முதல் சில தடவை அப்படித்தான் நாள் முழுவதும் வலையோரம் நின்று மூத்த கோழியின் ஒவ்வொரு கொத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மை நிலவரம் அடிபடும் கோழியின் தீனிப்பையில் இருக்கிறது. மாலையில் கோழிகள் அடைந்த பிறகு வெடைக்கோழியை மெல்லக் கையில் எடுத்து, கழுத்தின் அடியில் மார்பின் மேற்பகுதியில், சற்று வலப்பக்கமாக விரல்களால் தொட்டுப் பாருங்கள். பை திரண்டு உருண்டிருந்தால் அன்றைய தினம் அது வயிறாரத் தின்றிருக்கிறது. காயம் இல்லாதவரை, பகலில் எத்தனை கொத்து வாங்கியிருந்தாலும் கவலைப்படத் தேவையில்லை. பை தட்டையாகத் தொங்கினால், சண்டையே கண்ணில் படாத நாளாக இருந்தாலும் சேர்க்கை சரியாக நடக்கவில்லை என்று பொருள். கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இந்தச் சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ப்பதற்கு முன் இருக்க வேண்டியவை

கீழுள்ள திருத்தங்கள் சில அடிப்படைகள் ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டவை. வெளியிலிருந்து வந்த கோழி மூன்று முதல் நான்கு வாரம் தனி இடத்தில், தனித் தீனித் தட்டோடும் தண்ணீர்ப் பாத்திரத்தோடும் இருந்திருக்க வேண்டும்; அந்த நாட்களில் மூத்த கோழியின் வேலைகளை முதலில் முடித்துவிட்டு, புதியதை இறுதியில் கவனிக்க வேண்டும். வெடைக்கோழிக்கு 12 முதல் 16 வாரம் ஆகியிருப்பதும், மூத்ததன் உருவத்தில் மூன்றில் இரண்டு பங்காவது அது வளர்ந்திருப்பதும் நல்லது. கொட்டகைக்குள் கோழி ஒன்றுக்கு ஏறத்தாழ 4 சதுர அடியும், மேயும் அடைப்பில் 10 சதுர அடியும் வேண்டும். இவற்றுக்குப் பின், ஒரே அடைப்பைக் கம்பி வலையால் பிரித்து, ஒன்றையொன்று பார்க்கவும் கேட்கவும் முடிகிற, ஆனால் தொட முடியாத நிலையில் ஏழு முதல் பத்து நாட்கள் வைத்திருக்க வேண்டும். மூத்த கோழி அடை படுத்திருக்கும் காலத்தில் எதையும் தொடங்காதீர்கள். இரவில் அடைக்கோழியின் சிறகடியில் வைத்தால் காலையில் தன் குஞ்சாக ஏற்றுக்கொள்ளும் என்ற வழக்கம் பொரித்து ஓரிரு நாளான குஞ்சுகளுக்கே பலிக்கும். மூன்று மாத வெடையை அப்படி வைத்தால் விடியும்போது மண்டைக் காயம்தான் மிஞ்சும்.

அறிகுறி: வலைக்கு அப்பாலிருந்தே மூத்த கோழி பாய்ந்து கொத்துகிறது

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இது இயல்பானது. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள், ஏனெனில் தலையை நுழைத்துப் பார்க்கும் வெடைக்கோழிதான் கொண்டையில் கடி வாங்கும். பிறகு இரண்டு பக்கத்துத் தீனித் தட்டுகளையும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வலையை நோக்கி நகர்த்தி, இறுதியில் வலையை ஒட்டி, ஒன்றுக்கொன்று எதிரே வையுங்கள். மூத்த கோழி புதியதன் பக்கம் முதுகைக் காட்டியபடி தின்னத் தொடங்கினால், வலையைத் திறப்பதற்கான நேரம் நெருங்கிவிட்டது.

பத்து நாட்கள் கழிந்தும் பாய்ச்சல் குறையவில்லையென்றால், கோழியின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் வலை நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஒருமுறை பன்னிரண்டு நாள் வரை மூத்த பெட்டை வலையை விட்டு நகராமல் முட்டிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், அது தினமும் புழுதி குளித்துவந்த மூலையை நான் வெடைக்கோழியின் பக்கத்தில் சேர்த்து அடைத்திருந்ததுதான். வலையைப் பிடுங்கி எதிர்ப்புறம் நட்டேன்; இரண்டே நாளில் அது வலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டையிடும் பெட்டி, அடையும் கட்டை, புழுதிக் குழி ஆகிய மூன்றும் மூத்ததன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அறிகுறி: வலையைத் திறந்ததும் துரத்தல் தொடங்குகிறது

இங்கே இரண்டு வகைத் துரத்தலைப் பிரித்தறிய வேண்டும். மூத்த கோழி நாலைந்து எட்டு ஓடி, தலையிலோ முதுகிலோ ஒரு கொத்துக் கொத்திவிட்டு, நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மண்ணைக் கிளறத் திரும்பினால் அது வரிசையை அறிவிக்கும் கொத்து. வெடைக்கோழி கத்திக்கொண்டு விலகி ஓடுவது 'ஒப்புக்கொண்டேன்' என்பதற்கான பதில். மாறாக, வெடைக்கோழி குனிந்து பணிந்த பிறகும் விடாமல் மூலை வரை விரட்டி, மேலேறி நின்று, பிடரி இறகைப் பற்றி இழுப்பது காயத்தில்தான் முடியும். முதல் வகையில் கையை நுழைக்காதீர்கள். இரண்டாம் வகை ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால், நடுவே நடந்து சென்று இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

பிரிக்கும்போது வெடைக்கோழியைத் தூக்கிக்கொண்டு போவது எல்லாரும் செய்யும் பிழை. பாவம் என்று ஒவ்வொரு முறையும் அதையே தூக்கினால், தீராத வழக்கை மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது, அது மட்டுமன்றி மூத்ததன் உரிமையும் உறுதிப்பட்டுவிடுகிறது. இயன்றவரை மூத்ததை விலக்குங்கள்.

அடுத்து, நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு திறந்த வெளியில் சேர்த்து விட்டு, தானியத்தைக் குவியலாக வைக்காமல் அகலமாக வீசுங்கள். மேய்வதற்கு நிறைய இருக்கும்போது கோழியின் கவனம் தரையில் இருக்கும். இருட்டு நெருங்கும்போது சண்டைக்கும் பொழுதிருக்காது. முதல் நாள் அரை மணி, பிறகு ஒரு மணி என்று நீட்டிக்கொண்டே போகலாம். அடைப்புக்குள் இருக்கும் முட்டுச்சந்துகளையும் நீக்க வேண்டும். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் இரு பக்கமும் வாசல் உள்ள ஒரு மறைவு கிடைக்கும். வெடைக்கோழி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிட்டால், கண்ணுக்குப் படாத எதிரியை மூத்த கோழி தேடிப் போவது அரிது. ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டியை ஒளிந்துகொள்ள வைப்பது இதற்கு நேர் எதிரானது, அது பொறியாகிவிடும்.

ஒரே ஒரு மூத்த கோழியோடு ஒரே ஒரு வெடைக்கோழியைச் சேர்ப்பதே இருப்பதில் கடினமான ஏற்பாடு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அத்தனை கொத்தும் ஒரே முதுகில் விழுகிறது. ஒன்றாக வளர்ந்த இரண்டு மூன்று வெடைகளைச் சேர்த்து விட்டால் கொத்து பங்காகிவிடும், அவை ஒன்றுக்கொன்று துணையாகவும் இருக்கும்.

அறிகுறி: இரத்தம் தெரிகிறது

இதில் காத்திருப்பதற்கு இடமில்லை. சிவப்பு நிறம் கோழிகளைக் கொத்தத் தூண்டும். அதுவரை அமைதியாக இருந்த கோழிகூடக் காயத்தைக் கண்டதும் கொத்த வரும். காயம்பட்டதை உடனே பிரித்து, சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தி, தூய நீரால் கழுவுங்கள். கொண்டையில் ஏற்பட்ட சிறு கீறல் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் விரைவில் ஆறிவிடும். புதிதாக முளைக்கும் இறகின் குருத்து உடைந்தாலும் இரத்தம் ஒழுகும், அதையும் அழுத்தியே நிறுத்தலாம். ஆனால் முட்டை வெளிவரும் பின்துவாரத்தைச் சுற்றிய காயம், முதுகில் தோல் பிளந்த காயம், கண்ணில் பட்ட காயம் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பின்துவாரக் காயத்தை மற்றக் கோழிகள் கொத்திக் குடலையே வெளியே இழுத்துவிடக்கூடும்.

ஆறும் வரை வெடைக்கோழியை வேறெங்கோ கொண்டுபோய் ஒளித்து வைக்காமல், பழைய வலைக்கு அப்பாலேயே, மூத்த கோழியின் கண்பார்வையில் வையுங்கள். பொருக்கு காய்ந்து, சிவப்பு முற்றிலும் மறைந்த பிறகே மீண்டும் சேர்க்க வேண்டும். இரண்டாம் முறையும் இரத்தம் வந்தால் கொட்டகையின் நெருக்கடியையும், கூசும் அளவுக்கு வெளிச்சம் உள்ளே விழுகிறதா என்பதையும், தீனியில் புரதம் குறைந்திருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். மூன்றுமே இறகு பிடுங்கும் பழக்கத்தைத் தூண்டுபவை.

அறிகுறி: சண்டை இல்லை, ஆனால் மாலையில் தீனிப்பை காலியாக இருக்கிறது

கண்ணுக்கு எளிதில் அகப்படாத சிக்கல் இதுதான். மூத்த கோழி துரத்துவதில்லை, கொத்துவதில்லை. தீனித் தட்டின் அருகே சும்மா நிற்கிறது, அவ்வளவே. அது நிற்கும் வரை வெடைக்கோழி நெருங்குவதில்லை. மூத்தது தின்றுவிட்டு அங்கேயே படுத்து இளைப்பாறும், வெடைக்கோழி மூலையில் நின்று தரையைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். பார்ப்பவர் 'நல்ல பழக்கமாகிவிட்டது' என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு வாரம் கழித்து வெடைக்கோழியைத் தூக்கினால் மார்பெலும்பு கத்தி முனைபோல் கையில் படும்.

இரண்டாவது தட்டு வைத்தேன், பயனில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதை முதல் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இரண்டு தட்டுகளையும் ஒரே கோழி ஒரே இடத்தில் நின்றபடி காவல் காக்க முடிந்தால் அவை ஒரு தட்டாகவே கணக்கு. குறைந்தது ஆறேழு அடி இடைவெளி விட்டு, நடுவே பலகை அல்லது வைக்கோல் கட்டு போன்ற ஒரு மறைப்பை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்க முடியாதபடி செய்யுங்கள். தண்ணீருக்கும் இதே விதி. பலர் தீனியில் காட்டும் அக்கறையைத் தண்ணீரில் காட்டுவதில்லை, ஆனால் வெயில் நாளில் கோழியை முதலில் வீழ்த்துவது தாகம்தான்.

வெடைக்கோழி உருவத்தில் சிறியதாக இருக்கும் வரை இன்னொரு வழியும் உண்டு. அடைப்பின் ஒரு பகுதியைத் தடுத்து, வெடைக்கோழி மட்டுமே நுழையக்கூடிய அளவுக்கு ஒரு சிறு வாசலை விட்டு, தீனியையும் தண்ணீரையும் உள்ளே வையுங்கள். பசிக்கும்போதும் பயப்படும்போதும் ஓடி ஒளிய ஓர் இடம் கிடைத்துவிடும். வாசலின் அளவை ஊகத்தில் வைக்காமல், முதலில் அகலமாக வைத்து, மூத்த கோழி முட்டிப் பார்த்துத் திரும்பும் அளவு வரை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

எந்தத் தீனி என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. முட்டையிடும் கோழிகளுக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். வளரும் கோழிக்கு 1 விழுக்காடு போதும். முட்டைக்கு வராத வெடைக்கோழி அந்தத் தீவனத்தை வாரக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெட்டுவிடக்கூடும். ஆகையால் இரண்டுக்கும் வளரும் கோழித் தீவனத்தையே வைத்து, பொடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மூத்த கோழி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், வெடைக்கோழி அதைப் பெரிதாகச் சீண்டாது.

அறிகுறி: அந்தி சாய்ந்தும் வெடைக்கோழி கொட்டகைக்குள் வர மறுக்கிறது

அடையும் கட்டையில் யார் எங்கே உட்காருவது என்பதும் வரிசையின் பகுதியே. வாசலில் வாங்கிய ஒரு கொத்து போதும், வெடைக்கோழி மறுநாள் மரத்திலோ கூரையிலோ ஏறி உட்கார. கோழிக்கு ஒன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கட்டை நீளம் கிடைக்கிறதா என்று பாருங்கள், அதே உயரத்தில் எதிர்ப்புறம் இன்னொரு கட்டையையும் பொருத்துங்கள். தாழ்வான கட்டையை மட்டும் கொடுத்தால் மேலிருந்து எச்சமும் கொத்தும் சேர்ந்து விழும். நன்றாக இருட்டிய பிறகு வெடைக்கோழியைக் கொண்டுபோய்க் கட்டையில் உட்கார வையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் மூத்தது எழுந்து வராது. இதை ஒரு வாரம் தொடர்ந்தால் பெரும்பாலும் தானாகவே வரத் தொடங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: இரவில் சேர்த்துவிட்டு விடியற்காலையில் நீங்கள் அங்கே இல்லையென்றால், அத்தனை சண்டையும் கதவடைத்த கொட்டகைக்குள்ளேயே நடக்கும். வெளிச்சம் வருவதற்கு முன் கதவைத் திறந்துவிட ஆள் இருக்க வேண்டும்.

அறிகுறி: வெடைக்கோழி இறகைச் சிலிர்த்துக் குறுகி நிற்கிறது

பயந்த கோழி மூலையில் நிற்கும், ஆனால் கண் விழித்திருக்கும். ஆள் நெருங்கினால் சட்டென ஓடும். நோயுற்ற கோழி கண்ணைப் பாதி மூடியபடி, இறகை உப்பிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, ஆள் நெருங்கினாலும் அசையாமல் நிற்கும். மூத்ததன் மேல் பழியைப் போட்டுவிட்டு நோயைத் தவறவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் எச்சத்தைப் பாருங்கள். புதிய மண்ணுக்கு வந்த சில நாட்களில் எச்சத்தில் இரத்தமோ சளியோ தெரிந்தால் இரத்தக் கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். இதை உண்டாக்கும் நுண்ணுயிரிக்கு அந்த மண்ணிலேயே வளர்ந்த மூத்த கோழி எதிர்ப்புப் பெற்றிருக்கும். நோயின் சாயலே இல்லாமல் எச்சத்தின் வழியே அதைப் பரப்பிக்கொண்டும் இருக்கும். வெளியிலிருந்து வந்த இளம் கோழி அதை முதன்முறை சந்திக்கும்போது படுத்துவிடுகிறது. ஈரமான கூளமும், எச்சம் விழும் தண்ணீர்ப் பாத்திரமும் இதற்கு ஏற்ற விளைநிலம். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் விரைவில் தேறும். இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளினால் தேறாமலும் போகலாம்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தால் அது நரம்பைத் தாக்கிக் காலை முடக்கும் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். தும்மல், கண்ணில் நுரை, மூக்கில் நீர் ஆகியவை மூச்சுப் பாதை நோயைக் காட்டும். இவற்றில் எதைக் கண்டாலும் இரண்டு கோழிகளையும் பிரித்து மருத்துவரை அழையுங்கள். நலமாகத் தோன்றும் மூத்த கோழியே கிருமியைச் சுமந்திருக்கலாம் என்பதால், தனிமைப்படுத்தும் காலத்தில் புதியதை மட்டும் சந்தேகிப்பது அரைவேலை. இறகை விலக்கிப் பின்துவாரத்தைச் சுற்றியும் இறக்கையின் அடியிலும் பேன், செள் இருக்கிறதா என்று இரண்டிலும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: மூத்த கோழி முட்டையை நிறுத்திவிட்டது

ஒன்றிரண்டு வாரம் நிறுத்துவது கலக்கத்தின் விளைவு, தானாகத் திரும்பும். தரையில் இறகு நிறையக் கிடந்தால் அது இறகு உதிர்க்கும் பருவம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரைகூட முட்டை இருக்காது, அதற்கும் வெடைக்கோழிக்கும் தொடர்பில்லை. வெடைக்கோழி முட்டையிடும் பெட்டியில் படுத்துத் தூங்கினால் மட்டும் மாலையில் பெட்டியை மூடி வையுங்கள்.

அறிகுறி: மூன்று வாரம் கடந்தும் துரத்தல் குறையவில்லை

இந்த நிலையில் மூத்த கோழியை நான்கைந்து நாள் அந்த இடத்தை விட்டே அகற்றுங்கள்; வெடைக்கோழியின் கண்ணுக்கும் அது படக்கூடாது. அந்த நாட்களில் வெடைக்கோழி கட்டை, தட்டு, புழுதிக் குழி எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்ளும். திரும்பி வரும் மூத்தது வேற்று இடத்தில் நுழையும் விருந்தாளியாகத்தான் வரும், முன்பிருந்த துணிச்சல் பாதியாகியிருக்கும். இரண்டு முறை இப்படிச் செய்தும் மாற்றமில்லையென்றால், வெடைக்கோழி இன்னும் சில வாரம் வளரும் வரை வலையைத் திரும்பப் போட்டு வைப்பதில் தோல்வி எதுவும் இல்லை. மிகச் சில பெட்டைகள் எத்தனை செய்தாலும் வேறொரு கோழியை ஏற்பதில்லை. அவற்றை நிரந்தரமாகப் பிரித்து வைப்பதே இரண்டுக்கும் நல்லது. கண்ணை மறைக்கும் மூக்குக் கவ்விகளை நான் பயன்படுத்துவதில்லை. இடத்தில் உள்ள குறையை அவை மறைத்து வைக்கின்றனவே தவிர நீக்குவதில்லை.

அறிகுறி: அமைதியாக இருந்த இடத்தில் மீண்டும் சண்டை

கோழிகள் ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் வைத்து அடையாளம் காண்கின்றன. சிகிச்சைக்காக ஒன்றைச் சில வாரம் அகற்றிவிட்டுத் திரும்ப விட்டால், பழைய தோழியும் புதியவளாகவே நடத்தப்படும். வலையிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை, ஆனால் இம்முறை நாட்கள் குறையும்.

அப்படி எதுவும் நடக்காமல், வெடைக்கோழிக்கு ஐந்து மாதம் நெருங்கும் வேளையில் சண்டை மூண்டால், அதன் கொண்டையைப் பாருங்கள். வெளிறியிருந்த கொண்டையும் தாடியும் சிவந்து பருத்து, முதுகில் கை வைத்ததும் அது பதுங்கி உட்கார்ந்தால், முட்டைக்கு வந்துகொண்டிருக்கிறது. வரிசையில் தன் இடத்தை மறுபடி கேட்கிறது. கழுத்திலும் வால் அடியிலும் நீண்ட கூர் இறகுகள் முளைத்திருந்தால் நீங்கள் வெடை என்று வளர்த்தது சேவல்.

பெட்டைதான் என்றால், சில நாட்களில் வரிசை தலைகீழாகவும் ஆகலாம். வயதான, எடை குறைந்த மூத்த பெட்டை ஒரு காலை வேளையில் தோற்றுப் பின்வாங்கி, அதுவரை தான் காவல் காத்த தட்டுக்கு எட்டி நின்று காத்திருக்கும். அன்று முதல் இரண்டாவது தட்டும் மறைப்புப் பலகையும் அதற்குத்தான் தேவைப்படும். மாலையில் கட்டையிலிருந்து எடுத்துத் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.